குடிலில் விரித்த பழந்துணி

கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஜரிகைப் பட்டு வராத காலம் அது. அந்தந்த வருஷம் ஊரில் கடைசியாய்ப் பிறந்த பிள்ளையின் பழந்துணியைத்தான் பாலன் சொரூபத்துக்கு அடியில் விரிப்பார்கள். அதை வெளுத்துக் கொண்டுவருபவள் சவேரியாயி. அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது.

ஒருமுறை பட்டணத்திலிருந்து வந்த பண்டிதர் ஞானாதிக்கம் அந்தத் துணியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கர்த்தருக்கு ஏது மனித உடம்பு? மண்ணில் தெரிந்தது வெறும் தோற்றம். அதற்குப் பசியில்லை, வலியில்லை. இந்தக் கந்தையைத் தூக்கி எறியுங்கள்! மறுப்பவர் வேதத்திலிருந்து பதில் சொல்லட்டும்."

கோவிலில் நின்ற கூட்டத்திலிருந்து சவேரியாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. மாதா பிள்ளையைத் துணியில சுத்திக் கிடத்துனாங்கன்னு வேதத்துல இருக்கா?"

"இருக்கிறது."

"எதுக்குச் சுத்துனாங்க?"

"இதுகூடத் தெரியாதா? கொட்டுகிற பனியில் பிள்ளைக்குக் குளிராதா?" என்று சீறினார் பண்டிதர்.

"குளிரும் ஐயா," என்றாள் சவேரியாயி. "உடம்பு இருந்தா குளிரும்."

கோவில் கொல்லென்று சிரித்தது. பண்டிதர், தாம் எறியச் சொன்ன அதே துணியை எடுத்துப் பாலனைக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

இப்போதெல்லாம் பட்டுதான் விரிக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய ஆட்களுக்கு, பிள்ளைக்குக் குளிருமே என்று இருக்கிறது.