பசுவிடம் கேட்டவர்

அயர்லாந்தில் மழை ஓயாது, வெளியே போக வழியில்லாமல்தான் அங்கே கதைகள் பெருகின என்று படித்தவர்களே நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அதைவிட அதிகம் மழை பெய்யும் ஊர்கள் உலகில் உண்டு. அங்கெல்லாம் குடைகள்தான் பெருகியிருக்கின்றன.

மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே நுவாலா என்ற கதைசொல்லியிடம் ஃபின்டன் சீடராக இருந்தார். குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு அறுபது, டப்ளினில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அன்று மாலை ஊர்மன்றத்தில் அவர் முதன்முதலாகக் கதை சொல்ல வேண்டும். வாய் திறக்காவிட்டால் டப்ளினுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு.

காலையிலேயே அவர் குருவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"குருவே, அசல் ஐரிஷ் சிறுகதை எது? ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள். அப்படியே செய்துவிடுகிறேன்."

"மழைக்கோட்டை மாட்டுங்கள்," என்றார் நுவாலா. "மேட்டு நிலத்து கானரின் பசு எப்படிக் காணாமல் போனது என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டு வருவோம்."

இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அதை ஏன் கேட்கிறீர்கள்! ஞாயிற்றுக்கிழமை நேரே சர்ச்சுக்குள் வந்துவிட்டது. பாதிரியார் பேராசையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறார், அது காணிக்கை நோட்டுகளைத் தின்கிறது! அப்புறம் அதற்கே வெட்கமாகி ஊரைவிட்டுப் போய்விட்டது."

ஃபின்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படகுத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "கடலுக்குள் போயிற்று ஐயா. மூடுபனி இறங்கினால் அதன் கழுத்துமணி அலைக்கு அடியிலிருந்து கேட்கும். இப்போதுகூட... உஷ், பேசாதீர்கள்."

ஃபின்டனுக்கு உடம்பு சிலிர்த்தது.

ரொட்டிக்கடை அம்மாள் மாவுக் கையை மடியில் துடைத்தாள். "மகளை பாஸ்டனுக்கு அனுப்பக் கானர் பசுவை விற்றுவிட்டார். சந்தையிலிருந்து வெறுங்கயிற்றோடு நடந்து வந்தாரே, நான் பார்த்தேன்."

ஃபின்டன் கைக்குட்டையைத் தேடினார்.

சைக்கிள் பழுதுபார்ப்பவர் நிமிரவே இல்லை. "அந்தக் கயிறு இன்னும் அவர் வீட்டுக் கதவில் தொங்குகிறது," என்றார். ஃபின்டன் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது.

தெருவில் இறங்கியதும் அவர் கிட்டத்தட்ட ஓடினார். "எத்தனை விதம், குருவே! இதில் எது உண்மை? அதையே மாலையில் சொல்லிவிடுகிறேன்!"

நுவாலா அவரை ஒரு கல்வேலிவரை அழைத்துப் போனார். உள்ளே கானரின் பசு, கழுத்தில் மணியோடு, புல் மேய்ந்துகொண்டிருந்தது.

ஃபின்டன் வேலியைப் பிடித்துக்கொண்டார். "இது காணாமலே போகவில்லையா?"

"இல்லை."

"நான் அழுதேனே!"

"பார்த்தேன்."

"அப்படியானால் யாரை நம்புவது?"

"பசுவிடமே கேளுங்கள்," என்றார் நுவாலா. "ஆனால் ஒன்று, அதுவும் இந்த ஊர்ப் பசுதான்."

பசு தலையைத் தூக்கி ஃபின்டனைப் பார்த்தது.

மாலையில் மன்றம் நிறைந்திருந்தது. பெயரைக் கூப்பிடும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"நான் பசுவிடமே கேட்டேன்," என்று தொடங்கினார்.

கதை பாதிதான் போயிருக்கும். பின்வரிசையிலிருந்து கானர் எழுந்து, தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல், பசு இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினார்.