வெட்டிவேர்த் தட்டிக்குப் பின்னால் ஒரு குரல்

ஆத்தங்கரையை ஒட்டி ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரு ராஜாவாம், அந்த ராஜாவுக்கு உடம்பெல்லாம் சூடாம். எப்பேர்ப்பட்ட சூடுன்னா, முதுகுல அப்பளத்தை வெச்சா பொரிஞ்சுடும். அதனால சித்திரை பொறந்ததும் அரண்மனை வாசலுக்கும் ஜன்னலுக்கும் வெட்டிவேர்த் தட்டி கட்டிடுவாங்க. ராஜா உள்ளே போய் உட்கார்ந்தார்னா மழை வர்ற வரைக்கும் அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. அது அங்கே வழக்கம். தட்டிக்குள்ளேயிருந்து குரல் வரும், குரல்தான் உத்தரவு.

தட்டி காயாம உள்பக்கம் நின்னு தண்ணி தெளிக்கிறவன் பேரு சங்கிலி. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் தெளிக்கணும். ஆனா காதைக் கட்டச் சொல்லி யாரும் சொல்லலையே. ஒரு குரலை ஒரு தடவை கேட்டான்னா அப்படியே எடுத்துடுவான். ராத்திரி சோறு போடுறப்போ அவன் பொண்டாட்டி பூவாயி, "இன்னிக்கு யாரு சாப்பிட வந்திருக்கா?"ன்னு கேப்பா. அவன் மந்திரி மாதிரி மூக்கால பேசுவான், அரண்மனைக் குதிரை மாதிரி கனைப்பான், அப்புறம் ராஜா மாதிரி தொண்டையைச் செருமி, "ம்ம்ம்... யாரங்கே. ரசம்" என்பான். அவ சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி உச்சந்தலையைத் தட்டிக்குவா. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் பகல் பூரா குரல் பொறுக்குவான்.

ஒரு நாள் மத்தியானம், ராஜா குறட்டை விடுறார், வெளியே மந்திரி வந்து நிக்கிறார். சங்கிலிக்கு நாக்கு அரிச்சது. "ம்ம்ம்... மந்திரியாரே, ஒத்தைக் காலில் நில்லும்" என்றான். "உத்தரவு மகாராஜா, உத்தரவு"ன்னு மந்திரி நின்னார். ராத்திரி பூவாயி சிரிச்சா.

மறுநாளும் ராஜா குறட்டை, மறுநாளும் மந்திரி. "ம்ம்ம்... மந்திரியாரே, சேவல் மாதிரி கூவும்." "உத்தரவு மகாராஜா, உத்தரவு. கொக்கரக்கோ." ராத்திரி பூவாயி இன்னும் சிரிச்சா.

மூணாம் நாளும் ராஜா குறட்டை, மூணாம் நாளும் மந்திரி. "ம்ம்ம்... மந்திரியாரே, இந்தக் குளிர்ச்சி போதவில்லை. கரையில் உள்ள வெட்டிவேர் மொத்தத்தையும் பிடுங்கிக் கொண்டு வாரும்."

மந்திரி வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினார். நீயும் சிரிக்கிறே பார். இனிமேத்தான் இருக்கு, கேளு.

வேர் தோண்டுறவங்களுக்கு ஒரு முறை உண்டு. புல்லைத் தூரோட பிடுங்கி, வேரை அறுத்துக்கிட்டு, ஒரு சாண் பச்சையோட தலையை அதே குழியில நட்டுட்டுத்தான் அடுத்த தூருக்கு நகருவாங்க. அது மறுபடி வேர் விடும். ஊர்ல காய்ச்சல்னாலும், நீர்க்கடுப்புன்னாலும், வேர்க்குருன்னாலும் வைத்தியர் முதல்ல, "ஒரு பிடி வெட்டிவேரை வாங்கிட்டு வா"ன்னுதான் சொல்வார்.

போன மந்திரி திரும்பி வந்தார், ராஜா இன்னும் குறட்டைதான். "மகாராஜா, அந்த வேர்க்காரி இருளாயி தலையை நட்டுட்டுத்தான் வேரைத் தருவேங்கிறா. மொத்தத்தையும் எடுத்தா ஊருக்கு மருந்துக்கு என்ன பண்றதுன்னு கேக்கிறா."

அப்பவாவது சங்கிலி வாயை மூடியிருக்கலாம். ஆனா ராத்திரி சொல்றதுக்கு இன்னும் ஒரு வரி கிடைக்குமேன்னு ஆசை. "ம்ம்ம்... தலையை நட்டால் என் தலை குளிருமா? தலையோடு கொண்டு வரச் சொல்லும்."

"உத்தரவு மகாராஜா, உத்தரவு."

வண்டி வண்டியா வேர் வந்தது. சங்கிலி அரண்டு போனான். நான்தான்னு சொன்னா நாக்கு போயிடும், அதனால சொல்லலை. ராஜா கண் முழிச்சு, "ஆஹா, மந்திரிக்கு என்மேல் எத்தனை பிரியம்" என்றார். அவரும் எங்கேயிருந்து வந்ததுன்னு கேக்கலை. குளிர்ச்சியா இருந்தது, தூங்கிட்டார்.

கோடை முடிஞ்சு மழை வந்தது. மொட்டைக் கரையை ஆறு கரைச்சது. பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. வீட்டுக்கு வீடு நுழைஞ்சு, சங்கிலி வீட்டுக்கும் வந்தது. பூவாயி நெருப்பாக் கொதிச்சா. வைத்தியர் நாடியைப் பார்த்துட்டு, "ஒரு பிடி வெட்டிவேர்" என்றார். சொல்லிட்டு அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

சங்கிலி அரண்மனைக்கு ஓடி ஒரு தட்டியைப் பிச்சுக்கிட்டு வந்து கொதிக்க வெச்சான். வாசனையே இல்லை. சாக்கு வேக வெச்ச மாதிரி பழுப்புத் தண்ணிதான் வந்தது. கோடை பூரா தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, இருந்த சாரத்தையெல்லாம் கழுவி விட்டவன் அவன்தானே.

அப்போதான் இருளாயி காலில போய் விழுந்தான். "அந்தக் குரல் ராஜாது இல்லக்கா. என்னுது."

அவ காலை இழுத்துக்கிட்டா. "என் வீட்லயும் ஒரு பிள்ளை படுத்திருக்குடா" என்றாள். அப்புறம் ஆத்தைத் தாண்டி அவ பொறந்த ஊருக்கு நடந்தா. ஒரு கட்டு வேரும், கூடவே பச்சைத் தலைகளும் சுமந்துக்கிட்டு வந்தா. ஊரே குடிச்சது. பூவாயிக்கும் காய்ச்சல் இறங்கிச்சு.

சங்கிலி ராஜாகிட்டயும் ஒத்துக்கிட்டான். ராஜா, "நான் அப்படிச் சொல்லியிருப்பேன்னு எல்லாரும் நம்பினாங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ராஜா, "கரை முழுக்க நீயே நடு. அவள் சொல்கிறபடி நடு" என்றார். அவ்வளவுதான் தண்டனைன்னு சங்கிலி நினைச்சான்.

அன்னிக்கு ராத்திரி, உடம்பு தேறின பூவாயி எழுந்து சோறு போட்டா. அவ சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு, அவனும் தொண்டையைச் செருமி, "ம்ம்ம்... யாரங்கே. ரசம்" என்றான். மந்திரி மாதிரி மூக்கால பேசினான். குதிரை மாதிரி கனைச்சான்.

அவ அவன் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா. காய்ச்சல் போறப்போ காதையும் எடுத்துக்கிட்டுப் போயிருந்தது.

"ஏன்யா சும்மா வாயை வாயை அசைக்கிறே?" என்றாள் பூவாயி. "இன்னிக்கு யாரும் சாப்பிட வரலையா?"

கரை மறுபடி பச்சையாச்சு. வேர் எடுத்தா தலையை நட்டு வைக்கணும், நட முடியாததைப் பிடுங்கக் கூடாது. பானையில வேர் ஊறுது, கதை இங்கே ஆறுது.