ஊதித் தள்ளிய தேரை

“யோவ், என் அறையில நீ யாருய்யா?” என்று கீரி சீறியது.

“உன் அறையா? பகல் பூரா இதுலதான் நான் தூங்குறேன். நீ யாரு?” என்று பெருச்சாளி பல்லைக் காட்டியது.

“ஓ! அதான் தினம் என் படுக்கையில அந்த வாடையா? கேட்டா மண் வாடைன்னு சொன்னான் அந்த முள்ளம்பன்றி!”

மேலே காடு எரிந்துகொண்டிருந்தது. மூங்கில் வெடிக்கிற சத்தம் மண்ணுக்கு அடியிலும் கேட்டது. நடுப்பகல் நேரம். பகலில் இரை தேடப் போனவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வளைக்கு ஓடிவந்துவிட்டன. இரவில் போகிறவை இன்னும் வளையை விட்டுக் கிளம்பவே இல்லை.

வாசலை ஒட்டிய ஈரக்குழியில் தேரை சொக்கன் உட்கார்ந்திருந்தது. நடந்தது எல்லாம் அதற்குத் தெரியும். தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

அந்த வளை ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றிக்குச் சொந்தம். வாடகைக்கு விட இரண்டே அறை. குடிவைத்திருந்ததோ நான்கு குடும்பம். “இது உனக்கு மட்டும்தான்” என்று நான்கு பேரிடமும் கூசாமல் சொல்லியிருந்தது. கீரி பகலில் வெளியே போகும், பெருச்சாளி இரவில் போகும். அப்புறம் எதற்கு ஆளுக்கொரு அறை? உடும்புக்கும் முயல் செவந்திக்கும் இதே ஏற்பாடுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கவா போகிறார்கள் என்பது ஈட்டியப்பனின் நம்பிக்கை. ஊரில் கம்ப்யூட்டர் சர்வரை வாடகைக்கு விடுகிறவர்கள், இருக்கிற மெமரியைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பதும் இதே நம்பிக்கையில்தான்.

சரி, யாராவது சீக்கிரம் திரும்பிவிட்டால்? அதற்குத்தான் சொக்கன்.

சொக்கன் சின்னத் தேரை இல்லை. மூச்சை இழுத்து ஊதினால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கும். சத்தமில்லாமல் அறைக்குள் போய் நடுவில் உட்கார்ந்து ஊதும். இருட்டில் தூங்குகிறவர்கள் அதைச் சுவர் என்று நினைத்து ஓரமாக ஒடுங்கிக்கொள்வார்கள். மிச்ச இடத்தில் இன்னொருவர் வந்து படுத்துவிட்டுப் போவார். இந்த வேலைக்குக் கூலி அந்த ஈரக்குழியும், வாசலில் வந்து விழுகிற பூச்சிகளும். கோடையில் அப்படி ஒரு குழி தேரைக்குக் கிடைப்பது லேசு இல்லை.

இப்போது புகை உள்ளே வர ஆரம்பித்தது. ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கிடந்தார்கள்.

“எல்லாரும் வயித்தை உள்ள இழுங்க! மூச்சைக் கொஞ்சமா விடுங்க!” என்று ஈட்டியப்பன் கத்தியது.

“ஏன், வாலையும் கழட்டி வெளிய வச்சிடவா?” என்றது கீரி.

ஈட்டியப்பன் சொக்கன் பக்கத்தில் வந்து குனிந்தது.

“டேய் சொக்கா, ஒரு குடும்பத்தை வெளிய தள்ளினாத்தான் மத்தது பிழைக்கும். செவந்தியைத் தள்ளு.”

“ஏன் முதலாளி, அவங்களை?”

“ரெண்டு குட்டி வேற வச்சிருக்கா. அடைக்கிற இடம் ஜாஸ்தி. அதோட, அவ கடிக்க மாட்டா.”

“பின்னாடி உங்க அறை இருக்கே முதலாளி. அதுல சேத்து வச்சிருக்கிற கிழங்கை எல்லாம் வெளிய எறிஞ்சா…”

“எறிஞ்சிட்டு? மழைக்காலத்துல உன்னைத் திங்கவா? போடா, போய் ஊது!”

சொக்கன் போனது. செவந்தியின் விலா ஓரமாக நுழைந்து உட்கார்ந்தது. ஊதியது.

“அண்ணே, சுவர் நகருதுண்ணே!” என்று செவந்தி உடும்பிடம் அலறியது. “குட்டிங்க நசுங்குது!”

“நான் எங்கம்மா போறது? என் முதுகு மேல ரெண்டு பேரு இருக்கான்!” என்றது உடும்பு.

சொக்கனின் வயிற்றில் குட்டியின் மூக்கு வந்து இடித்தது. சூடாக, ஈரமாக இருந்தது. சொக்கன் இன்னும் ஊதியது.

செவந்தி கொஞ்சம் கொஞ்சமாக வாசல் வரைக்கும் தள்ளப்பட்டுவிட்டது. வாயில் ஒரு குட்டியைத்தான் கவ்வ முடியும். “ஓடைக்கரையில இதை விட்டுட்டு வந்து இன்னொண்ணை எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் பார்த்துக்கங்க!” என்று சொல்லிவிட்டு, ஒன்றைக் கவ்விக்கொண்டு புகைக்குள் பாய்ந்தது.

அப்புறம் வரவில்லை.

தீ அணைந்த பிறகு கீரிதான் தேடிப் போனது. ஓடைக்குப் பாதி வழியில் தாயையும் குட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதன் முகமே சொல்லிவிட்டது.

மூன்று குடும்பமும் அன்றைக்கே காலி செய்தன. மிச்சமிருந்த குட்டியைப் பெருச்சாளி தன் கழுத்தில் தொற்ற வைத்துக்கொண்டது. வாசலில் நின்றது.

“நீதான் அந்தச் சுவரா?”

சொக்கன் தலையைக் குனிந்துகொண்டது.

“ஊதினது ஊதிட்ட. இனி யாரு வந்து இடம் கேட்டாலும் நடந்ததைச் சொல்லு. ‘இவனை நம்பி வராதீங்க’ன்னு ஒரு வார்த்தை. அதையாவது செய்.”

“செய்றேன்” என்றது சொக்கன்.

சாயங்காலம் எரிந்த காட்டுப் பக்கமிருந்து முயல் அளவே இருக்கிற ஒரு சருகுமான் வந்தது. நிறைமாத வயிறு. குளம்பெல்லாம் சாம்பல்.

“அண்ணே, இங்க இடம் கிடைக்குமா? தங்கிக்கிட்டா பயமில்லாம இருக்கலாமா?”

உள்ளேயிருந்து ஈட்டியப்பன் கனைத்தது. சொக்கனின் குழியில் ஈரம் இன்னும் காயவில்லை. காடு பூராவும் வேறெங்கும் ஈரம் இல்லை.

“உள்ள போங்கம்மா, முதலாளி இருக்காரு” என்றது சொக்கன்.

அந்த ஒரு வார்த்தையை அது சொல்லவில்லை.

இல்லாத இடத்தை இருக்கிறது என்று விற்பவன் மட்டும் கொலைகாரன் இல்லை. அது தெரிந்தும் வாசலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்பவனும் கொலைகாரன்தான்.