நாலு துளைகளும் ஒரு லொறியும்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் இது நடந்தது வெங்காய அறுவடை முடிந்த ஒரு வியாழக்கிழமை. சுன்னாகத்துக் கராஜ் ஒன்றில், என்ஜின் போய்விட்ட யப்பான் பெயர் பொறித்த லொறி ஒன்றின் சேசிஸ் மாற்று என்ஜினுக்காகக் காத்துக் கிடந்தது. சேசிஸ் என்றால் லொறியின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் அதன்மேல்தான் உட்கார வேண்டும்.

கப்பலில் வந்திறங்கிய மாற்று என்ஜின், பாரம் தூக்கும் சங்கிலியான செயின் புளொக்கில் தொங்கியபடியே பேச்சைத் தொடங்கிவிட்டது.

"நான் யப்பானிலேயே வார்த்தவன். அறுபது வருசப் பரம்பரை! முதலில் எங்கள் ஊருக்குள் மீனும் அரிசியும் ஏற்றினோம். பிறகு பாதி உலகத்தின் பாரம் எங்கள் முதுகில்தான். சரி, நீ எந்த ஊர்?"

"இந்தோனேசியா," என்றது சேசிஸ், கூச்சத்தோடு.

"நான் தாய்லாந்து," என்றது கியர் பொக்ஸ்.

"கென்யாவில் பொருத்திய லொறியிலிருந்து கழன்று, டுபாய் சுற்றி வந்தவன் நான்," என்றது இடது கதவு. அதற்குக் கூச்சமெல்லாம் கிடையாது.

என்ஜினுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "கலியாண வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்தேன். சந்தைக்கல்லவா கொண்டுவந்திருக்கிறார்கள்! இவன் முதுகில் நான் உட்கார மாட்டேன். என் கால்களுக்கு அங்கே இடமே இருக்காது."

சேசிசுக்கும் அதே பயம்தான். யப்பானை அது கண்ணால்கூடக் கண்டதில்லை.

மெக்கானிக் சேதுநாதனின் எண்ணமும் அதுவே. இருபது வருசமாக எந்த என்ஜினையும் அவர் வெட்டி ஒட்டித்தான் பொருத்தியிருக்கிறார். வைத்துப் பார்க்கிற பழக்கம் எப்போதோ விட்டுப் போய்விட்டது. இரும்பை வெட்டும் காஸ் கட்டரைப் பற்றவைத்தார். நீல நெருப்பு சீறியது.

"அண்ணை, என்ன செய்யப் போறியள்?" லொறிக்காரி தவமலர் ஓடிவந்தாள்.

"என்ஜின் இருக்கிற இடத்தை வெட்டிப் புதுசா ஒட்டப் போறன் தங்கச்சி. இது வேற நாட்டுச் சேசிஸ், பொருந்தாது."

"வெட்டின சேசிஸ் அஞ்சு தொன் தாங்குமோ?"

சேதுநாதன் தலையைச் சொறிந்தார். "தாங்காது. ஊருக்குள்ள வைக்கல் ஏத்தலாம்."

"ஐயோ, நாளைக்குத் தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏத்த வேணும்! ஒருக்கா இறக்கி வச்சுப் பாருங்கோ அண்ணை. பொருந்தாட்டி வெட்டுங்கோ."

அவர் முணுமுணுத்தபடி சங்கிலியை விட்டார். என்ஜின் இறங்கியது. ஒரு முழம். ஒரு சாண். ஒரு விரற்கடை. சேசிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

டக்!

சேசிஸின் நாலு துளைக்கு மேல் என்ஜின் கால்களின் நாலு துளை, நேருக்கு நேர். சேதுநாதன் ஒரு போல்ட்டை எடுத்து வைத்தார். சுத்தியல் தேவைப்படவில்லை. விரலால் திருகத் திருக, வெண்ணெயில் இறங்குவதுபோல் அது இறங்கியது.

"அட! அட! தங்கச்சி, இஞ்ச வந்து பாரும்!" என்று அவர் கத்திய கத்தலில் தெருவில் போனவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

என்ஜின் திகைத்துப் போனது. "என் அளவை உனக்கு யார் சொன்னது?"

"எங்கள் தொழிற்சாலைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும்," என்றது சேசிஸ். "மயிரிழை பிசகினாலும் அங்கே அளந்து பார்க்கிற ஒருத்தி திருப்பி அனுப்பிவிடுவாள். யாருக்காக இவ்வளவு கண்டிப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை."

"எங்கள் சுவரிலும் அதே படம்தான்," என்றது கியர் பொக்ஸ்.

"எங்கள் ஊரிலும்!" என்று கதவு படீரென்று அடித்துக்கொண்டது.

என்ஜின் பிறந்த இடத்துச் சுவரிலும் அதே படம்தான் தொங்கியது.

மறுநாள் காலை, கண்ணூறு கழிய, லொறியின் சக்கரச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். தவமலர் சாவியைத் திருப்பினாள். என்ஜின் உறுமியது, கியர் பொக்ஸ் பிடித்தது, கதவு கிடுகிடுத்தது, சேசிஸ் அஞ்சு தொன் வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. இப்படியொரு ஓட்டத்தை அது தன் பிறவியில் ஓடியதில்லை!

ஆனையிறவு தாண்டி ஒரு பெற்றோல் செட்டில், பக்கத்தில் நின்ற புது லொறி கேட்டது: "நல்லாய்த்தான் ஓடுகிறாய். நீ எந்த நாடு?"

"யப்..." என்று தொடங்கிய என்ஜின் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"கொஞ்சம் பொறு. கீழே என்னைத் தாங்குகிறவரைக் கேட்டுச் சொல்கிறேன்."