கருவாலி மரத்தடியில் இலை விழுந்த கதை

வெண்மணற்கோட்டையை விசயமாறன் ஆண்ட காலம். கடலோரம் முழுக்க வறண்ட மணல். புல்லுக்கே அங்கே முளைக்கத் தயக்கம். ஒரு கப்பல்காரன் கொண்டுவந்து நட்ட கருவாலி மரம் மட்டும் உப்புக்காற்றைக் குடித்துத் தழைத்து நின்றது. "வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் கப்பலேறினான்.

மரத்தைச் சுற்றி மீனவர் குப்பம். அந்த இடத்தில் மாளிகை கட்டத் தளவாய் திருமேனிக்கு ஆசை.

"மன்னா, அது இலையே உதிராத மரம். உதிர்ந்தால், குப்பத்தார் மீன் கழுவின தண்ணீரை ஊற்றிக் கெடுக்கிறார்கள் என்று அர்த்தம்" என்றான் தளவாய்.

மன்னர் தமுக்கு அடிக்கச் சொன்னார். "கருவாலி மரத்தடியில் ஓர் இலை விழுந்தாலும் குப்பம் காலி!"

எந்த மரம் உதிர்க்காமல் இருக்கும்? கருவாலி ஒரேயடியாக மொட்டையாகாது, அவ்வளவுதான். புதுசு துளிர்க்கத் துளிர்க்க, பழசு ஒன்றிரண்டாக உதிரும். அரசர்களுக்கு உத்தரவு போடத் தெரியும். மரங்களுக்குக் கீழ்ப்படியத் தெரியாது.

குப்பத்துத் தலைவி கடல்நாச்சி, அரசவை விகடன் முத்திருளனிடம் ஓடினாள். அவன் ஒரு காலத்தில் உப்பு வரியை எதிர்த்துக் கோட்டை வாசலில் பட்டினி கிடந்து, தொண்டை கிழியக் கத்தியவன். மன்னர் சால்வை போர்த்தி உள்ளே உட்காரவைத்தார். கத்தல் நின்றது, தொப்பை வந்தது.

"அன்னைக்குக் கத்தின வாய்தானே ஐயா அது? இப்ப அதுல பொங்கல் மட்டும்தான் போகுதோ?"

"வடையும் போகுது தாயி. அதைச் சொல்லாம விட்டா வடைக்கு வருத்தமா இருக்கும்."

"நாளைக்கு ராசா மரத்தைப் பார்க்க வர்றாரு. உதிர்ற இலையை நாங்க பெருக்கிப் பெருக்கி மறைச்சோம். அவரு முன்னாடியே விழுந்தா எங்க போவோம்?"

"நாளைக்குச் சாப்பாட்டு ஏற்பாடு என் பொறுப்பு. எனக்கு நம்பிக் கொடுத்திருக்கிற ஒரே அதிகாரம் அதுதான். பார்க்கலாம்."

மறுநாள் உச்சி வெயில். மன்னர் பரிவாரத்தோடு மரநிழலில் பந்தியில் அமர்ந்தார். சோற்றில் ஆவி பறந்தது. நெய் மணத்தது. பரிமாறத்தான் ஒருவரும் வரவில்லை.

"முத்திருளா, இலை எங்கே?"

"ஐயையோ! இங்கே ஓர் இலை விழுந்தாலும் குப்பம் காலி என்பது உத்தரவு மன்னா."

"அது மரத்து இலையடா!" என்று சீறினான் தளவாய்.

"தமுக்கு அடித்தவன் எந்த இலை என்று சொல்லவில்லையே. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தால் 'எத்தனை இலை விழுந்தது' என்றுதானே தாங்களே கேட்பீர்கள்? இங்கே வாழையிலை விழுந்தாலும் விழுந்ததுதான்."

"எனக்குப் பசிக்கிறது!" என்றார் மன்னர்.

"எனக்கும்தான் மன்னா. ஆனால் தங்கள் வாக்கு பெரிதா, நம் வயிறு பெரிதா? என் வயிறு பெரிதுதான். அதனால் நான் தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லை."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மன்னர் அதைப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"அந்த உத்தரவு ரத்து! இங்கே எந்த இலையும் விழலாம், எத்தனை வேண்டுமானாலும் விழலாம். அதற்காக யாரும் குப்பத்தை விட்டுப் போக வேண்டாம். போடு இலையை!"

முத்திருளன் நிமிர்ந்து மரத்தைப் பார்த்துக் கைகூப்பினான்.

"கருவாலியாரே, காதில் விழுந்ததா? மன்னர் போடச் சொல்லிவிட்டார். கூச்சப்படாமல் போடுங்கள்."

கடற்காற்று வீசியது. ஒரு பழுத்த இலை சுழன்று வந்து தளவாயின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. குப்பமே சிரித்தது. மன்னருக்கு அப்போதுதான் விளங்கியது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னும் நீ போராட்டத்தை விடவில்லையா முத்திருளா?"

"முறையை மாற்றிக்கொண்டேன் மன்னா. இளமையில் நான் பட்டினி கிடந்து போராடினேன். சால்வைதான் கிடைத்தது. இப்போது தங்களைப் பட்டினி போட்டேன். உடனே நியாயம் கிடைத்துவிட்டது."

மன்னர் தம் பக்கத்திலேயே அவனுக்கும் ஓர் இலை போடச் சொன்னார். அவன் மறுக்கவில்லை.