தண்ணீர் தங்காத படகு

ஒண்டிப்பனை என்கிற ஊரில் ஒரே ஒரு பனைமரம்தான் உண்டு. எண்ணிப் பார்த்துத்தான் ஊருக்குப் பேர் வைத்தார்கள். இருந்தாலும் சந்தேகத்துக்கு அவ்வப்போது மறுபடியும் எண்ணிக்கொள்வார்கள்.

அந்த ஊர்ச் சங்கிலியாண்டியின் பெண்டாட்டி செங்கமலம், அக்கரையில் தாய்வீட்டு விருந்துக்குப் போனவள் திரும்பி வர மறுத்துவிட்டாள். போகும்போது ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் அவன் அவளை நடத்திக் கூட்டிப்போயிருந்தான். கல்யாணச் சேலை நனைந்து, அண்ணிமார் சிரித்துவிட்டார்கள்.

"படகு கொண்டாங்க. என் கால் நனையாம கூட்டிப்போனா வரேன். தை பிறக்கறதுக்குள்ள வரலேன்னா, வரவே வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று முதல் சங்கிலியாண்டி இரண்டு வட்டில் வைத்துச் சோறு போட்டான். தன் பங்கைத் தின்றுவிட்டு, அவள் பங்கை அவள் சாப்பிடுகிற மாதிரியே மெதுவாகச் சாப்பிட்டான். வீடு அப்போதும் வெறிச்சென்றே இருந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் மீன்பிடிக்கிற சவரியப்பருடைய பழைய படகு ஒன்று மணலில் கவிழ்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டான். சரிபண்ணி ஓட்டலாம் என்று நினைத்தான். வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க, மாட்டுத்தரகர் உத்தண்டனையும் சித்தப்பா மகன் கொண்டையனையும் கூட அழைத்துப்போனான்.

உத்தண்டன் படகின் முன்பக்கத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"பல்லு ஒண்ணுகூட இல்ல மாப்பிள்ள. ரொம்பக் கிழடு."

"முட்டாதே, மாமா?"

"முட்டுற ஜாதியாத் தெரியல. சுழியும் சுத்தம். ஆனா தட்டிக் கொடுத்தாலும் எழுந்திருக்க மாட்டேங்குது."

சவரியப்பர் நல்ல மனுஷர். "ஐயா, அது முழுக்க ஓட்டை. விறகுக்குப் போட்டு வச்சிருக்கேன். நம்பலேன்னா படகையும் தண்ணியையும் சேர்த்துப் பாருங்க, தெரியும்" என்றார்.

மூவரும் தள்ளிப் போய் யோசித்தார்கள்.

"படகத் தண்ணியில விட்டா?" என்றான் கொண்டையன்.

"அது இன்னும் நம்ம படகு இல்லடா. அடுத்தவர் பொருளத் தண்ணியில விடறது பாவம்" என்றார் உத்தண்டன்.

"அப்ப தண்ணியப் படகுல விடுவோம்" என்றான் சங்கிலியாண்டி. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

படகை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கல்லை முட்டுக்கொடுத்து, குடம் குடமாக ஊற்றினார்கள். குனிந்து பார்ப்பதற்குள் தண்ணீரைக் காணோம். மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் காணோம்.

"அண்ணே, ஒரு சொட்டுக்கூடத் தங்கல" என்றான் கொண்டையன்.

சங்கிலியாண்டி குடத்தைக் கீழே வைத்தான். "படகுன்னா உள்ள தண்ணி நிக்கக் கூடாது. அவ்வளவுதானே, மாமா?"

"வேற என்ன வேணும்? சந்தையில எத்தனையோ வருஷமா நிக்கறேன், தன் பண்டத்தத் தானே குறை சொல்றவன நான் பார்த்ததில்ல. கொடுக்க மனசில்லாமத்தான் ஓட்டைங்கறார். விட்டுடாத."

சவரியப்பர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்களுக்கு ஆசை கூடிற்று. கடைசியில், விறகு போய்விடுகிறதே என்று அவர் வருந்தக் கூடாதென்பதற்காக, வீடு கட்ட வாங்கி வைத்திருந்த புதுப் பலகையை வண்டியோடு கொண்டுவந்து இறக்கினான் சங்கிலியாண்டி. அந்தப் பலகையில் சவரியப்பர் மறுநாளே ஒரு புதுப் படகு கட்டத் தொடங்கினார். ஆனாலும் மனசு கேட்காமல், "ஓட்டைய அடைச்சுத் தார் பூசுங்கப்பா" என்று சொல்லியனுப்பினார்.

"அடைச்சுட்டா தண்ணி எந்த வழியா வெளிய போகும்?" என்றார் உத்தண்டன். ஆகவே ஓட்டைகளை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தார் பூசினார்கள். ஓட்டை விளிம்பையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். இடப்பக்கம் ஓட்டை குறைவாக இருந்ததால் அங்கே இன்னும் கொஞ்சம் போட்டுச் சமன் செய்தார்கள்.

மார்கழி கடைசி நாள் ஆற்றில் இறங்கினார்கள். புதுத் தார் நனைந்துவிடாதபடி படகைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். அக்கரையில் செங்கமலம் துணிமூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். வருவதாக யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"படகு ஏன் தலை மேல வருது?"

"திரும்பிப் போறப்ப நாம அது மேல போகணும்ல? அதுவரைக்கும் அது நம்ம மேல வரட்டும்" என்றான் சங்கிலியாண்டி. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

எல்லாரும் ஏறினார்கள். நடு ஆறு வரைக்கும் போன படகு, அங்கே நிதானமாகத் தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கு மார்பு வரை தண்ணீர்.

"பதறாதீங்க. தங்காது. அன்னிக்கே பார்த்தோமே" என்றார் உத்தண்டன்.

சங்கிலியாண்டிக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதுமே செங்கமலத்தின் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தண்ணீருக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கால் நனையலையே?"

கால் மேலே போனதில் செங்கமலம் பின்னால் சாய்ந்து, கழுத்து வரை தண்ணீரில் இருந்தாள். தன் பாதங்களை உற்றுப் பார்த்தாள்.

"நனையல" என்றாள். சொன்ன சொல் தவறாதவள். "வீட்டுக்குப் போகலாம்."

இறங்கி நடந்தால் அவள் கால் நனைந்துவிடும். அதனால், சித்திரையில் ஆறு வற்றிவிடும், அதுவரை இப்படியே இருந்துவிட்டு நடந்தே போய்விடலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

"அதுவரைக்கும் கையை மட்டும் இறக்கிடாதீங்க" என்றாள் செங்கமலம்.