தையல்சிட்டு தைத்த சீர்ப் போர்வை

ஓடைக்கரைப் பூவரசு மரத்தில் பொன்னூசி என்ற தையல்சிட்டு வசித்தது. மரத்தடியில், மண்ணுக்குள், சடையன், அதன் மனைவி மூக்காயி என்ற இரண்டு வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. மூவரும் நண்பர்கள். மூக்காயிக்குப் பொன்னூசி அக்கா முறை. சடையனுக்கு மதினி.

போன வருஷம் ஒரு கீரி வளையின் முன்வாசலைப் பறித்து உள்ளே வந்தது. மூக்காயியின் முதல் குட்டிகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது.

அதன் பிறகு சடையன் ஒரு பின்வழி தோண்டியது. அந்த வழி மண்ணுக்கு வெளியே திறக்காது. மேலே விரலளவு மண்ணை விட்டு நிறுத்திவிட்டது. ஆபத்து வந்தால் உள்ளிருந்து தலையால் முட்டினால் போதும், மண் உடையும், ஓடிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் தரைதான்.

"மதினி, மேலே இருந்து பார்த்துச் சொல்லு. ஏதாவது தெரியுதா?" என்று சடையன் கேட்டது.

பொன்னூசி மூன்று கிளை மாறி மாறி உட்கார்ந்து பார்த்தது. "சாய்ஞ்ச கல்லு தெரியுது. பக்கத்துல ரெண்டு கற்றாழை தெரியுது. வழி தெரியலை!"

"யார்கிட்டயும் மூச்சு விடாதே அக்கா!" என்றது மூக்காயி.

"என் வாயைத் தைச்சிக்கிட்டேன், போதுமா!" என்றது பொன்னூசி.

அடுத்த மார்கழியில் மூக்காயி மறுபடியும் கருவுற்றது. அதற்குத் தாய் வீடு இல்லை. வெள்ளத்தில் போய்விட்டது. எனவே தாய் வீட்டுச் சீரைத் தானே செய்வது என்று பொன்னூசி முடிவு செய்தது. ஒரு போர்வை தைக்கத் தொடங்கியது.

ஊர்த் தையல்கடை வாசலில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பொறுக்கி வந்தது. அவற்றோடு கிடந்த நூலையும் கொண்டு வந்தது. உள்ளே வைக்க எருக்கம் பஞ்சு. ஒவ்வொரு துண்டிலும் நண்பர்களின் கதை ஒன்றைத் தைத்தது. ஒரு துண்டில் வெள்ளம். ஒன்றில் மூவரும் திருடித் தின்ற நிலக்கடலை. ஒன்றில் எலிப்பொறியில் நுனி போன சடையனின் வால்.

நடுத்துண்டு காலியாக இருந்தது. அதில் வீட்டைத் தைத்தது பொன்னூசி. முன்வாசலைத் தைத்தது. சாய்ந்த கல்லைத் தைத்தது. இரண்டு கற்றாழையைத் தைத்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்தது. ஏதோ குறை இருந்தது. இது எந்த எலியின் வீடாகவும் இருக்கலாமே!

கல்லுக்கு இடப்பக்கம், பின்வழி முடியும் இடத்தில், பச்சை நூலில், சின்னதாக ஒரு வட்டம் போட்டது. இப்போது அது சடையன் வீடு.

சீர் கொடுப்பவர் அதை மூன்று நாள் வெளியே விரித்து வைக்க வேண்டும், எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்பது ஓடைக்கரை வழக்கம். பொன்னூசி போர்வையை ஒரு புதர்மேல் விரித்தது. மைனாக்கள் கூட்டமாக வந்தன. ஓணான் வந்தது. அணில்கள் வந்தன.

"என் வாலைக்கூட விடலியா மதினி! ஊர் சிரிக்கப் போவுது!" என்றது சடையன்.

"சிரிக்கட்டும் தம்பி! பொறியில வாலை விட்டது நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூக்காயி சிரிக்கவில்லை. அது நடுத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல நகர்ந்து பொன்னூசியின் அருகில் வந்தது.

"அக்கா, அந்தப் பச்சை வட்டம்..."

"அழகா இருக்குல்ல?"

"அதை மட்டும் பிரிச்சிடு அக்கா."

பொன்னூசியின் முகம் சுருங்கியது. "பிரிக்கிறதா? ஒரு நூலை இழுத்தா பக்கத்துல நாலு சுருங்கும். ரெண்டு நாள் வேலை பாழ்! அது வெறும் வட்டம்டி. யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியுதே."

"நீ அந்த வீட்டுக்காரி. உனக்குப் புரியத்தானே தைச்சேன்!"

மைனாக்கள் திரும்பிப் பார்த்தன. அத்தனை பேர் முன்னால் சீர் கொண்டுவந்தவளிடம் வாதாட மூக்காயிக்கு மனம் வரவில்லை. "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வளைக்குத் திரும்பியது.

"வேற வழி தோண்டலாமா?" என்று சடையனிடம் கேட்டது.

"தோண்டப் பத்து நாள் ஆகும். உனக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. மதினி சொல்றது சரிதான், யாருக்குப் புரியப் போவுது!" என்றது சடையன்.

இரண்டாம் நாள் உச்சிவெயிலில் கீரி வந்தது. மைனாக்கள் கத்திக்கொண்டு பறந்தன. பொன்னூசி உயரக் கிளைக்குப் போய் உட்கார்ந்தது.

கீரி எதையும் துரத்தவில்லை. போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தது. பார்த்தது. வந்து போன எவரையும்விட அதிக நேரம் பார்த்தது.

"இந்தச் சாய்ஞ்ச கல்லு, நேர்ல பார்த்துத் தைச்சதா?" என்று கேட்டது.

"பின்னே? கல்லுல இருக்கிற விரிசல்கூட அதேதான்!" என்றது பொன்னூசி, மேலிருந்தபடியே.

"அப்படியா" என்றது கீரி. எழுந்து போய்விட்டது.

பொன்னூசிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கீரி வந்ததை மூக்காயியிடம் சொல்லலாமா என்று யோசித்தது. சொன்னால் வட்டத்தைப் பிரிக்கச் சொல்லி மறுபடியும் கேட்கும். பொன்னூசி சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போர்வையைக் கொடுத்தது. அன்று மாலையே மூக்காயி ஆறு குட்டிகளை ஈன்றது. ஆறும் அந்தப் போர்வையில் படுத்தன. குளிர் தெரியாமல் தூங்கின.

ஐந்து நாள் கழித்து, காலை வெயிலில், கீரியின் தம்பி வந்து முன்வாசலைப் பறிக்கத் தொடங்கியது. கீரி சாய்ந்த கல்லுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தது.

பொன்னூசி மரத்திலிருந்து பார்த்தது. "சடையா! பின்வழி வேண்டாம்! வராதே!" என்று அலறியது. மண்ணுக்குள் அதன் குரல் போகவில்லை.

உள்ளே சடையன் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டது. "நான் முதல்ல போறேன், நீ பின்னால வா!" என்று மூக்காயிக்குக் கண்ணால் காட்டியது. பின்வழியில் ஓடி, மண்ணைத் தலையால் முட்டித் திறந்தது. கீரி கவ்வியது. வாயில் குட்டி இருந்ததால் சடையனால் கத்தி எச்சரிக்க முடியவில்லை. சடையனும் அந்தக் குட்டியும் அங்கேயே கீரிக்கு இரையாயின.

மூக்காயி இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு பாதி வழி வந்தது. ரத்த வாடை அடித்தது. திரும்பியது. அதற்குள் முன்பக்கம் பறித்த அதிர்வில் பின்வழியின் மண் இடிந்து விழுந்தது. மூக்காயி குட்டியோடு மண்ணுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதனால்தான் தாயும் குட்டியும் பிழைத்தார்கள். போர்வையில் கிடந்த நான்கு குட்டிகளைக் கீரியின் தம்பி தின்றது.

கீரிகள் போன பிறகு மூக்காயி மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. குட்டியைத் தரையில் வைத்து, அதன் மூக்கில் இருந்த மண்ணை நக்கித் துடைத்தது.

பொன்னூசி கீழே இறங்கியது. இடிந்த மண்ணிலிருந்து போர்வையை இழுத்து வந்தது. உதறியது. "குளிருது மூக்காயி. இதையாவது எடுத்துக்கோ" என்றது.

மூக்காயி போர்வையைத் தொடவில்லை.

"அந்த வட்டத்தை இப்பப் பிரி அக்கா."

"இப்ப எதுக்குடி..."

"பிரி. நான் பார்க்கணும்."

பொன்னூசி அலகால் ஒரு நூலைப் பிடித்து இழுத்தது. பச்சை நூல் முழுதாக அலகோடு வந்தது. மொத்தம் ஆறு தையல். பக்கத்தில் எதுவும் சுருங்கவில்லை. சாய்ந்த கல் அப்படியே இருந்தது, கற்றாழையும் அப்படியே இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டது மூக்காயி.

மூக்காயி குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனது. எங்கே வளை தோண்டப் போகிறது என்று சொல்லவில்லை. பொன்னூசியும் கேட்கவில்லை.

நண்பர் நம்பிச் சொன்ன ரகசியத்தை எவ்வளவு அன்போடு அலங்காரமாக்கினாலும், அதை ஊர் பார்க்க விரித்து வைத்தால் பயன் பகைவனுக்கே.